வெயில் போக மிச்சம்: பாசிவ் சோலார் வீடுகளின் வெப்பத் தேவையைக் கணக்கிடுதல்

குளிர்நாட்டு வீடு ஒன்று குளிர்காலத்தில் எவ்வளவு எரிபொருள் கேட்கும் என்பதை மூன்று தொகைகள் தீர்மானிக்கின்றன. சுவர், கூரை, தரை, சன்னல், கதவிடுக்கு வழியே வெளியேறும் வெப்பம் முதல் தொகை. உள்ளே வாழ்பவர்களின் உடற்சூடும் சமையலும் விளக்கும் தருவது இரண்டாவது. சன்னல் வழியே வரும் வெயில் மூன்றாவது. முதல் தொகையிலிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் மிஞ்சுவதே வெப்பத் தேவை. விறகோ மண்ணெண்ணெயோ மின்சாரமோ அதை ஈடுகட்டியாக வேண்டும். பம்பும் குழாயும் இல்லாமல், தன் சுவராலும் தரையாலும் பகல் வெயிலை வாங்கிச் சேமித்து இரவுக்குத் தரும்படி கட்டப்படுவது பாசிவ் சோலார் வீடு.

பார்த்தால் கழித்தல் கணக்குதான். ஆனால் அதற்குள் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. உள்ளே வந்த வெயில் அத்தனையும் பயன்படுவதில்லை. நண்பகலில் அறை தேவைக்கு மேல் சூடானால் சன்னலைத் திறந்து விடுவார்கள். அந்த வெப்பம் இரவுக்கு உதவாது. இரண்டாவது சிக்கல், விடையாக வருவது இரண்டு பெரிய எண்களுக்கு இடையே மிஞ்சும் சிறிய எண் என்பது. பெரிய எண்ணில் பத்து சதவீதம் பிசகினால் மிச்சத்தில் அது கால் பங்குப் பிழையாகத் தெரியும். கடந்த அரை நூற்றாண்டில் இத்துறையில் உருவான முறைகள் பெரும்பாலும் முதல் சிக்கலைத் தீர்க்கப் பிறந்தவை. இரண்டாவதற்குக் கவனத்தைத் தவிர மருந்து இல்லை.

இந்தியாவில் இக்கணக்கு மிகவும் தேவைப்படும் இடம் லடாக். லே நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில், ஏறத்தாழ 34 பாகை வடக்கே இருக்கிறது. ஆண்டு முழுவதும் பெய்வது 100 மில்லிமீட்டர் அளவு மழையும் பனியும்தான். ஆண்டில் 300 நாளுக்கு மேல் வெயில் அடிக்கிறது. அதே ஊரில் ஜனவரி இரவு உறைநிலைக்குக் கீழே 15 பாகை செல்சியஸ் வரை இறங்குவது வழக்கம். மரம் அரிது. வில்லோ, பாப்லர் கிளைகளும் காய்ந்த சாணமும்தான் பழைய எரிபொருள். மண்ணெண்ணெயும் சமையல் கேஸும் மலைக்கணவாய்களைத் தாண்டி லாரியில் வந்து சேர வேண்டும். வீட்டின் நடுவே 'புகாரி' என்ற தகர அடுப்பு எரியும். குளிர் முற்றியதும் குடும்பம் முழுவதும் அடுப்புள்ள ஒரே அறைக்குள் ஒடுங்கிக்கொள்ளும். கொட்டும் வெயிலும் கொல்லும் குளிரும் ஒரே நாளில் சேர்ந்து வரும் இப்படிப்பட்ட ஊரே பாசிவ் சோலார் கட்டடத்துக்கு ஏற்ற இடம். பொறியாளர் சோனம் வாங்சுக்கும் அவருடைய தோழர்களும் 1988-இல் தொடங்கிய செக்மோல் கல்வி அமைப்பு, ஃபே கிராமத்துக்கு அருகே தன் வளாகத்தை இடிமண் சுவர்களால் எழுப்பியிருக்கிறது. குளிர்காலத்தில் கட்டடத்தின் தெற்கு முகத்தில் பிளாஸ்டிக் தாளால் ஒரு பசுமைக்குடிலைப் போர்த்துகிறார்கள், கோடையில் கழற்றிவிடுகிறார்கள். ஷே கிராமத்தின் ட்ருக் வெள்ளைத் தாமரைப் பள்ளியில் மாணவர் விடுதிகளுக்கு, கண்ணாடிக்குப் பின்னே நின்று வெயிலைச் சேமிக்கும் டிராம்ப் சுவர்கள் உண்டு.

கணக்கை எப்போதும் இழப்பிலிருந்து தொடங்க வேண்டும். வெயிலிலிருந்து தொடங்குபவர் கண்ணாடியைப் பெரிதாக்கும் ஆசையில் விழுவார். ஒரு சதுர மீட்டர் சுவர், இருபுறமும் ஒரு பாகை வேறுபாடு இருக்கும்போது எத்தனை வாட் வெப்பத்தைக் கடத்துகிறதோ அது அதன் யு-மதிப்பு. 45 சென்டிமீட்டர் தடிமனுள்ள சுடாத செங்கல் சுவருக்கு இது சுமார் 1.2. மண்சுவர் குளிரைத் தடுக்கும் என்ற பரவலான நம்பிக்கையை இந்த எண்ணோடு வைத்துப் பார்க்க வேண்டும். மண்சுவர் வெப்பத்தை நன்றாகச் சேமிக்கும், ஆனால் தடுப்பதில் சுமார்தான். அதே சுவரின் வெளிப்புறத்தில் 10 சென்டிமீட்டருக்கு மரச்சீவலோ வைக்கோலோ வெப்பக் காப்பாக அடைத்தால் யு-மதிப்பு 0.4-க்கு இறங்கிவிடும். இரட்டைக் கண்ணாடிச் சன்னலுக்கு அது 2.8 அளவு. இரவில் கனத்த திரை போட்டால் நாள் முழுவதுக்குமான சராசரி 2-க்கு அருகே வரும். ஒவ்வொரு பரப்பையும் அதன் யு-மதிப்பால் பெருக்கிக் கூட்டினால் கட்டடத்தின் ஊடாகப் போகும் இழப்பு கிடைக்கும்.

அதோடு காற்றுப்போக்கு இழப்பைச் சேர்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்ததே, பாகைக்கு இத்தனை வாட் என்று சொல்லும் வீட்டின் இழப்பெண். பாடநூல்கள் ஒரு கன மீட்டர் காற்று மாறுவதற்கு, ஒரு பாகைக்கு, 0.33 வாட்-மணி என்று எழுதும். அது கடல்மட்டத்துக்கான எண். லேயின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அங்கே 0.22 என்று எடுப்பதே சரி. மலையூர்க் கணக்குகளில் அடிக்கடி விடுபடும் திருத்தம் இது.

இழப்பை ஒரு பருவம் முழுவதற்கும் விரிக்க உதவுவது பாகை-நாள். ஒரு நாளின் சராசரி வெளிவெப்பநிலை ஓர் அடிப்படை எண்ணுக்கு எத்தனை பாகை கீழே இருக்கிறதோ அத்தனை பாகை-நாள். பருவம் முழுவதும் கூட்டி, வீட்டின் இழப்பெண்ணாலும் 24 மணி நேரத்தாலும் பெருக்கினால் ஆற்றல் வந்துவிடும். அமெரிக்காவில் அந்த அடிப்படை 65 பாகை ஃபாரன்ஹீட், அதாவது 18.3 பாகை செல்சியஸ். பிரிட்டனில் 15.5 பாகை. அறையை 20 பாகைக்கு மேல் வைக்க விரும்புபவருக்கும் 18.3 போதும் என்றதற்குக் காரணம், மீதியை ஆட்களும் அடுப்பும் சன்னல் வெயிலும் தந்துவிடும் என்பது. காப்பு இல்லாத பழைய வீடுகளுக்கு அது பொருந்தியது. பாசிவ் சோலார் வீட்டுக்கு அறவே பொருந்தாது. அங்கே அடிப்படை வெப்பநிலையை வீட்டுக்கு வீடு கணக்கிட வேண்டும். உள்ளே கிடைக்கும் சராசரி வெப்பத்தை வாட்டில் எடுத்து, வீட்டின் இழப்பெண்ணால் வகுத்து, அறை வெப்பநிலையிலிருந்து கழித்தால் வருவது சமநிலை வெப்பநிலை. வெளியே அதற்குக் கீழே போனால்தான் அடுப்பு தேவை.

முறைகளை எடைபோட ஒரு மாதிரி வீடு வேண்டும். லேயில் 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரத்தில், நீண்ட முகம் தெற்கு நோக்கிய வீடு என்று கொள்வோம். தெற்கே 10 சதுர மீட்டர் இரட்டைக் கண்ணாடி, இரவில் திரை இல்லை. சுவர் 45 சென்டிமீட்டர் மண், கூரை பழைய முறைப்படி மரமும் சுள்ளியும் மண்ணும், காற்று மணிக்கு ஒரு முறை மாறுகிறது. சுவரில் 76, கூரையில் 50, தரையில் 20, சன்னலில் 28, கதவில் 5, காற்றில் 28 என்று கூட்டினால் பாகைக்கு 207 வாட் போகிறது. ஜனவரிச் சராசரி உறைநிலைக்குக் கீழே 7 பாகை, உள்ளே 16 பாகை என்று வைத்தால் மாத இழப்பு சுமார் 3,540 யூனிட். மின்கட்டண ரசீதில் வரும் அதே கிலோவாட்-மணி யூனிட்தான் இது. தெற்குச் சுவரில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 4.5 யூனிட் வெயில் விழுகிறது, கண்ணாடியும் சட்டமும் தூசியும் போக அதில் 56 சதவீதம் உள்ளே வருகிறது என்று கொண்டால், மாதத்துக்கு 780 யூனிட். ஆட்களும் சமையலும் சராசரி 250 வாட் என்றால் 186 யூனிட். கழித்தால் 2,600-ஐ ஒட்டி நிற்கிறது. உலர்ந்த விறகு கிலோவுக்கு 4 யூனிட் தரும், புகாரி அதில் பாதியையே அறைக்குத் தரும் என்று கொண்டால், ஒரே மாதத்துக்கு 1,300 கிலோ விறகு. மரமில்லாத நாட்டில் அவ்வளவு விறகுக்கு எந்தக் குடும்பமும் வழி காண முடியாது. அதனால்தான் மக்கள் ஒரே அறைக்குள் ஒடுங்குகிறார்கள், மற்ற அறைகளைக் குளிருக்கு விட்டுவிடுகிறார்கள்.

இப்போது ஒரு சதுர அடி கண்ணாடியும் கூட்டாமல் இழப்பை மட்டும் குறைத்துப் பார்க்கலாம். சுவருக்கு வெளிக்காப்பு, கூரையில் 0.3 வரும் அளவு காப்பு, தரைக்கும் கதவுக்கும் கொஞ்சம், சன்னலுக்கு இரவுத் திரை, காற்றுமாற்றம் பாதி. இழப்பெண் 207-இலிருந்து 92-க்கு விழுகிறது. மாத இழப்பு 1,574 யூனிட். அதே வெயில், அதே மனிதர்கள். தேவை 650 யூனிட்டுக்குச் சுருங்குகிறது. நாலில் ஒரு பங்கு. சமநிலை வெப்பநிலை முன்பு ஏறத்தாழ 10 பாகை, இப்போது 2 பாகை. பாசிவ் சோலார் வீட்டின் பெரும்பங்கு வேலையைச் செய்வது காப்பு என்பதை இந்த இரண்டு எண்கள் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டுகின்றன.

இனி கண்ணாடியை இரட்டிப்பாக்கலாம். 20 சதுர மீட்டரில் வெயில் 1,562 யூனிட்டாகிறது. ஆட்கள் தருவதையும் சேர்த்தால் வரவு 1,748. சுவரின் இடத்தைச் சன்னல் பிடித்ததால் இழப்பு 1,848-க்கு ஏறுகிறது. நேராகக் கழித்தால் மிச்சம் 100 யூனிட். சமநிலை வெப்பநிலையும் உறைநிலைக்குக் கீழே கிட்டத்தட்ட 6 பாகைக்குப் போய்விட்டது. வீடு ஏறக்குறைய அடுப்பில்லாமல் வாழும் என்று தோன்றும். முதலில் சொன்ன சிக்கல் இங்கேதான் வந்து நிற்கிறது. வெயிலில் ஒரு பங்கு நண்பகலில் மிகையாகி வெளியே போகும். எவ்வளவு போகும் என்பதைக் கழித்தல் சொல்லாது.

இதற்கு முதலில் முறையான விடை தேடியவர்கள் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் இருந்தார்கள். 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் டக்ளஸ் பால்கம்பும் அவருடைய குழுவும் சிறு சோதனை அறைகளைக் கட்டி, அவற்றின் வெப்பநிலையைத் தொடர்ந்து அளந்து, அளவோடு ஒத்துப்போகும் வரை கணினி மாதிரியைச் சரிசெய்தார்கள். பிறகு அந்த மாதிரியை மணிக்கு மணி ஓடவிட்டுக் கிடைத்த முடிவுகளை, கால்குலேட்டர் மட்டுமே கையில் உள்ள கட்டடக் கலைஞரும் பயன்படுத்தும்படி எளிய தொடர்புகளாகச் சுருக்கினார்கள். மாதத்தில் உட்கவரப்பட்ட வெயிலை அந்த மாதத்தின் வெப்பச் சுமையால் வகுத்தால் வருவது சூரியச் சுமை விகிதம். அதிலிருந்து எரிபொருளில் எத்தனை பங்கு மிச்சமாகும் என்பதை வளைகோடு சொல்லும். இன்னும் சுருக்கமான வழியில், கட்டடத்தின் சுமையைக் கண்ணாடிப் பரப்பால் வகுத்த ஒரே எண்ணைக் கொண்டு ஆண்டு முழுவதுக்கும் அட்டவணையில் விடை பார்த்துவிடலாம். 1980-களின் தொடக்கத்தில் வெளியான அவர்களுடைய கையேடு 94 வகை அமைப்புகளுக்கும் 200-க்கும் மேற்பட்ட ஊர்களுக்கும் இந்த எண்களைத் தந்தது. பால்கம்ப் வெறும் காகிதக் கணக்கோடு நிற்கவில்லை. சான்டா ஃபேயில், இரண்டு மாடி உயரத்துக்குக் கண்ணாடிக் குடிலும் அதன் பின்னே மண்கல் சுவரும் கொண்ட வீட்டில் குடியிருந்தபடியே அதை அளந்தார். கணக்கிடுபவர் கணக்கிட்ட வீட்டிலேயே வாழ்ந்தது இத்துறைக்குக் கிடைத்த நல்வாய்ப்பு.

அந்த அட்டவணைகளுக்கு ஒரு குறை உண்டு. அவை குறிப்பிட்ட அமைப்புகளோடும் குறிப்பிட்ட ஊர்களோடும் கட்டுண்டவை. லேக்கு அவற்றில் வரிசை இல்லை. எந்த ஊருக்கும் எந்த வீட்டுக்கும் பொருந்தும் பொதுவழியை ஐரோப்பாவில் வளர்ந்த மாத முறை தந்தது. அது 2004-இல் ஐ.எஸ்.ஓ. 13790 என்ற தரமாகி, 2008-இல் திருத்தப்பட்டு, 2017-இல் ஐ.எஸ்.ஓ. 52016-க்கு இடம்விட்டது. அதன் உயிர்நாடி பயன்பாட்டு விகிதம்: வரவில் எத்தனை பங்கு உண்மையில் உதவுகிறது என்ற எண். அதை இரண்டு அளவுகள் முடிவுசெய்கின்றன. ஒன்று, வரவை இழப்பால் வகுத்த விகிதம். மற்றது, வீட்டின் நேர மாறிலி: சுவரும் தரையும் தேக்கும் வெப்பக் கொள்ளளவை இழப்பெண்ணால் வகுத்தால் வரும் மணிக்கணக்கு. அடுப்பு அணைந்தபின் வீடு எவ்வளவு மெதுவாகக் குளிரும் என்பதன் அளவு அது. நேர மாறிலியை 15-ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டினால் ஓர் அடுக்கு கிடைக்கும். வரவு-இழப்பு விகிதத்தை அந்த அடுக்குக்கு உயர்த்தி ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும். அடுக்கில் ஒன்று கூட்டி மறுபடியும் அதே போலக் கழிக்க வேண்டும். முதல் விடையை இரண்டாவதால் வகுத்தால் பயன்பாட்டு விகிதம். வரவும் இழப்பும் சரிசமமாகும் இடத்தில் மட்டும் இந்த வகுத்தல் நடக்காது. அங்கே அடுக்கை, அடுக்கோடு ஒன்று கூட்டிய எண்ணால் வகுத்தால் போதும். 60 மணி நேர மாறிலியுள்ள கனமான வீட்டுக்கு அப்போது 0.83 வரும், 15 மணி நேர மாறிலியுள்ள இலேசான வீட்டுக்கு 0.67.

மாதிரி வீட்டுக்கு இதைப் பொருத்தினால் படம் தெளிவாகிறது. 10 சதுர மீட்டர் கண்ணாடியும் காப்பும் உள்ளபோது விகிதம் 0.96. ஏறக்குறைய எல்லா வெயிலும் உதவுகிறது. மேலே 650 என்று சொன்னதும் இதைச் சேர்த்தே. கண்ணாடியை 20 ஆக்கியதும் விகிதம் 0.83-க்கு இறங்குகிறது. 1,748-இல் 1,450 மட்டுமே பயன்படுகிறது. தேவை 100 யூனிட் அல்ல, 400 யூனிட். கூடுதல் கண்ணாடி கூடுதலாகக் கொண்டுவந்த 781 யூனிட்டில் கையில் நின்றது 250 மட்டுமே. மீதியில் பாதி மிகையாகவும் பாதி கூடுதல் இழப்பாகவும் போயிற்று. குளிரில் இரவுத் திரையை மூட மறந்தால் அதே வீட்டின் தேவை 620 யூனிட்டுக்கு ஏறி, பாதிக் கண்ணாடி உள்ள வீட்டுக்கு அருகே வந்துவிடுகிறது. மண்சுவருக்குப் பதில் பிளைவுட் பலகையால் அதே காப்போடு அதே வீட்டைக் கட்டினால் நேர மாறிலி 10 மணி நேரமே. பயன்பாட்டு விகிதம் 0.65, தேவை 720. கண்ணாடியைச் சேர்த்தும் கனம் இல்லாததால் பயன் எல்லாம் கரைந்துபோகிறது. மண்ணின் உண்மையான பெருமை இங்கேதான் இருக்கிறது. அது குளிரைத் தடுப்பதில்லை, பகலை இரவுவரை வைத்திருக்கிறது. ஆனால் காப்பு சுவரின் வெளிப்பக்கம் இருந்தால்தான் அது நடக்கும். உள்பக்கம் காப்பு ஒட்டினால் மண்ணின் கொள்ளளவு அறைக்கு வெளியே போய்விடும்.

டிராம்ப் சுவருக்கு இந்த மாத முறை அப்படியே செல்லாது. பிரான்ஸின் பைரனீஸ் மலையில் ஓடையோ என்ற ஊரில் ஃபெலிக்ஸ் டிராம்ப் என்ற பொறியாளரும் ஜாக் மிஷெல் என்ற கட்டடக் கலைஞரும் 1967-இல் கட்டிய வீடுகளால் பெயர்பெற்ற அமைப்பு அது. கறுப்புச் சாயம் பூசிய கனத்த சுவருக்கு முன்னே ஒரு கண்ணாடி, இடையில் ஒரு சிறு இடைவெளி. வெயில் அறைக்குள் நேராக வருவதில்லை. சுவரைச் சூடாக்கி, சுவரின் ஊடே மெல்ல நடந்து வருகிறது. 30 சென்டிமீட்டர் மண்சுவரில் அந்த நடைக்கு 10, 11 மணி நேரம் ஆகும். 40 சென்டிமீட்டரில் 14 மணி நேரம். நண்பகல் வெயில் நள்ளிரவை ஒட்டி அறையைத் தொட வேண்டுமானால் 30 சென்டிமீட்டரே ஏற்ற தடிமன். பகலில் மிகைச் சூடு இல்லாததால் படுக்கையறைக்கும் விடுதிக்கும் இது நன்று. பகலிலேயே வெப்பம் தேவைப்படும் வகுப்பறைக்கு நேர்வெயில் சன்னலே மேல்.

இந்த எண்களை எந்த அளவுக்கு நம்பலாம்? காப்பிட்ட மாதிரி வீட்டில் இழப்பை 10 சதவீதம் குறைத்து மதிப்பிட்டால் 157 யூனிட் தவறும். 650-இல் அது கால் பங்கு. யு-மதிப்புகளிலும் அவ்வளவு பிழை வரலாம். காற்றுமாற்றத்தில் இன்னும் எளிதாக வரும். கதவிடுக்கும் கூரைப் பொருத்தும் எவ்வளவு கசிகின்றன என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. கதவில் விசிறி பொருத்தி அழுத்தம் ஏற்றி அளக்கும் சோதனைதான் வழி. மனிதர்களின் பழக்கம் இன்னொரு காரணம். வீடு வெதுவெதுப்பானதும் ஒரே அறையில் ஒடுங்கியிருந்த குடும்பம் மூன்று அறைகளிலும் வாழத் தொடங்கும். எரிபொருள் எதிர்பார்த்த அளவு குறையாமல் போகலாம். அதைக் கணக்கின் தோல்வி என்று எழுதுவது அநீதி. குழந்தை படிக்க ஒரு வெதுவெதுப்பான அறை கிடைத்தது அந்த யூனிட்டுகளால்தான்.

பருவத் தேவையும் உச்சத் தேவையும் வேறு என்பதையும் மறக்கக் கூடாது. மேகம் மூடிய நாளில், உறைநிலைக்குக் கீழே 20 பாகை என்ற குளிரில், காப்பிட்ட வீட்டிலும் 3.3 கிலோவாட் வெப்பம் வெளியேறும். அடுப்பின் அளவை அந்த நாளை வைத்தே முடிவுசெய்ய வேண்டும், மாதச் சராசரியை வைத்தல்ல. மாறாக, கோடையைப் பற்றிய அச்சம் லேயில் சிறிது. டிசம்பர் நண்பகலில் சூரியன் அடிவானத்துக்கு 32 பாகை மேலே நின்று தெற்குச் சன்னலுக்குள் ஆழமாக நுழைகிறது. ஜூனில் 79 பாகை உயரத்தில் நிற்கும்போது சிறிய இறவாரமே அதை வெளியே நிறுத்திவிடும்.

இந்தக் கணக்கைக் கட்டடத் தரமாக்கவும் முடியும். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் 1991-இல் வுல்ஃப்காங் ஃபைஸ்ட் முன்னின்று கட்டிய பாசிவ் ஹவுஸ் வீடுகளிலிருந்து வளர்ந்த தரம், வெப்பத் தேவைக்கே எல்லை வகுக்கிறது: சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 15 யூனிட். கணக்கின் இறுதி விடையை விதியாக்கியதுதான் அதன் வலிமை. இந்தியாவின் எரிசக்தித் திறன் பணியகம் 2018-இல் வெளியிட்ட எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு அந்த விடையைக் கேட்கவில்லை. வெப்ப இழப்பைப் பொறுத்தவரை, குளிர்மண்டல வீட்டின் சுவரும் சன்னலும் சேர்ந்த சராசரி யு-மதிப்பு 1.8-ஐத் தாண்டக் கூடாது, கூரை 1.2-ஐத் தாண்டக் கூடாது என்று மட்டும் சொல்கிறது. காப்பே இல்லாத மாதிரி வீட்டின் சுவரும் சன்னலும் கதவும் சேர்ந்து ஏறத்தாழ 1.45, கூரை 1.0. ஜனவரியில் மட்டும் சதுர மீட்டருக்கு 52 யூனிட் கேட்டு, 1,300 கிலோ விறகை எரிக்கும் அந்த வீடு இரண்டு எல்லைகளுக்குள்ளும் அடங்கிவிடுகிறது. அதே மண்ணும் அதே வெயிலும் கொண்டு, காப்பும் இரவுத் திரையும் கசிவுத் தடுப்பும் மட்டும் சேர்த்த வீடு 13 யூனிட்டில் முடிக்கிறது. லடாக்கில் மண்சுவரை விட்டுக் காப்பில்லாத கான்கிரீட் கல்லுக்கு மாறும் வீடுகள் பெருகிவரும் இக்காலத்தில், குளிர்மண்டல விதி யு-மதிப்போடு நிற்காமல், மாத முறையில் கணக்கிட்ட வெப்பத் தேவைக்கும் சதுர மீட்டருக்கு இத்தனை யூனிட் என்று ஓர் எல்லை வகுக்க வேண்டும்.